தங்கவயலின் மண்

கோலார் தங்கவயல் என்னும் பெயரில் இரண்டு சொற்கள் அடங்கியுள்ளன. தங்கத்தைப் பற்றி உலகம் மிகுதியாகப் பேசிவிட்டது. வயலைப் பற்றிப் பேசினவர் மிகச் சிலரே. கனிப்பொருள் கிடைக்கும் நிலப்பரப்பை ஆங்கிலேயர் தம் மொழியில் வயல் என்று பொருள்படும் சொல்லால் வழங்கினர். நம்மவர் அதனைத் தமிழாக்கித் தங்கவயல் என்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து இவ்விடத்திற்குப் பிழைப்பு நாடி வந்த தமிழ் மக்களில் மிகப் பலர், பிறர் நிலத்தில் உழுது, தமக்கென்று ஒரு காணியும் இல்லாதிருந்தவர்கள். வயல் என்ற பெயர் தாங்கிய ஊரில் அவர்களுக்குக் கிடைத்தது விளைநிலம் அன்று. பூமிக்கு அடியில் இருண்ட சுரங்கம். ஆயினும் மண்ணோடு பழகிய கை மண்ணை மறப்பதில்லை. ஒரு சாண் இடம் கிடைத்தாலும் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றுவதும், ஒரு பிடி கீரை விதையைத் தூவுவதும் தமிழ்க் குடும்பத்தின் இயல்பு.

அவ்வாறு ஊன்றவும் தூவவும் முற்படும் ஒருவர் முதலில் அறிய வேண்டியது ஒன்று உண்டு. தம் வீட்டைச் சுற்றியுள்ள மண் எத்தகையது? அது எங்கிருந்து வந்தது? மற்ற ஊர்களில் இக்கேள்விக்கு விடை எளிது. தங்கவயலிலோ அது வரலாற்றைக் கேட்டே அறியவேண்டிய விடையாகும். ஏனெனில் இங்குள்ள மண்ணில் ஒரு பகுதி இயற்கை செய்தது. மற்றொரு பகுதி மனிதன் செய்தது.

முதலில் இயற்கை செய்த மண்ணைக் காண்போம். கோலார் மாவட்டத்தின் பெரும்பகுதி பழமையான கருங்கல் பாறையின் மீது அமைந்தது. அப்பாறை பன்னெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, மணல் கலந்த செம்மண்ணாக மாறியிருக்கிறது. கேழ்வரகும், அவரையும், மாவும், தக்காளியும் அம்மண்ணில் நன்கு விளைகின்றன. அந்தக் கருங்கல் நிலத்தின் நடுவே, வடக்குத் தெற்காகச் சில மைல் அகலமே உள்ள ஒரு கரும்பாறைப் பட்டை ஓடுகிறது. அதன் வயது சுமார் 270 கோடி ஆண்டுகள் என்று நிலநூல் அறிஞர் கணித்துள்ளனர். பொன் கலந்த வெண்கல் படிவங்கள் இப்பட்டையில்தான் உள்ளன. இக்கரும்பாறையில் இரும்புச் சத்து மிகுதி. ஆதலால் அது சிதைந்து உண்டாகும் மண், அக்கம் பக்கத்துச் செம்மண்ணைவிட அடர்ந்த சிவப்பும் களித்தன்மையும் உடையதாக இருக்கும். ஈரத்தில் கையில் ஒட்டும், காய்ந்தால் கட்டியாகும். இதுவே தங்கவயலின் பிறவி மண். இங்கே பெய்யும் ஆண்டு மழை ஏறத்தாழ 30 அங்குலமே. வற்றாத ஆறு மாவட்டத்தில் இல்லை. பெய்த மழையைத் தேக்கிவைக்க முன்னோர் ஏரிகளை வெட்டினர். அந்த ஏரிகளின் அடியில் படியும் வண்டலைக் கோடையில் வண்டி வண்டியாக அள்ளி வயலில் இடுவது இம்மாவட்டத்து உழவரின் பழைய வழக்கம்.

மண்ணைப் பார்த்து நிலத்தை அறிவது தமிழருக்குப் புதிதன்று. முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று நிலத்திற்கே அங்கு வளரும் பூவின், மரத்தின் பெயரை இட்டு வழங்கியது தொல்காப்பிய மரபு. நிலம் எதனை வளர்க்கிறதோ அதுவே அந்நிலத்தின் அடையாளம் என்பது அதன் கருத்து. கோலார்ப் பகுதியும் தமிழுக்கு அயலானதன்று. சோழர் ஆட்சியில் இது நிகரிலிச் சோழ மண்டலம் என்று பெயர் பெற்றது. கோலார் நகரத்துக் கோலாரம்மன் கோயிலில் முதலாம் இராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன.

தங்கவயலின் பிற்கால வரலாறு தொடங்கியதும் மண்ணைப் பார்த்தறிந்த ஒரு நிகழ்ச்சியால்தான். 1799-ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தபின், மைசூர் நாட்டின் எல்லைகளை அளக்கும் பணி ஆங்கிலேயரால் மேற்கொள்ளப்பட்டது. அப்பணியில் இருந்த ஜான் வாரன் என்னும் இளம் படை அலுவலர், இப்பக்கத்து மண்ணில் பொன் உண்டு என்ற பேச்சைக் கேட்டார். 1802-ஆம் ஆண்டில், பொன்னைக் காட்டுவோருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். ஊர்காம் என்ற சிற்றூரின் மக்கள் வண்டிகளில் மண்ணை ஏற்றிக் கொணர்ந்து, அவர் கண் முன்னே நீர்விட்டுக் கழுவினர். மண் கரைந்து ஓட, அடியில் பொன் துகள் மின்னியது. மாரிக்குப்பத்தில் மக்கள் குழி தோண்டிக் கல்லெடுத்து, இடித்து, கழுவிப் பொன் எடுத்து வந்ததையும் அவர் கண்டார். ஆங்கிலேயர் வருமுன்பே, எந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று அறிந்திருந்தவர்கள் அவ்வூர் எளிய மக்கள். அவர்களுடைய ஆய்வுக் கருவிகள் ஒரு தட்டும் சிறிது தண்ணீருமே.

வாரன் எழுதிய குறிப்பு அச்சேறி, எழுபது ஆண்டுக்காலம் பயனின்றிக் கிடந்தது. பெங்களூரில் தங்கியிருந்த லாவெல் என்ற முன்னாள் படைவீரர் அதனைப் படித்து, 1873-ஆம் ஆண்டில் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை வேண்டினார், 1875-இல் பெற்றார். 1880-ஆம் ஆண்டு முதல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே காலூன்றியது. 1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் நெடுந்தொலைவு கம்பி வழியே கொண்டுவரப்பட்டது. பாலாற்றின் மேலுள்ள பேத்தமங்கல ஏரியிலிருந்து குடிநீர் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் சென்றது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இவை பலரும் அறிந்த செய்திகள்.

பலரும் எண்ணிப் பாராத ஒரு கணக்கு உண்டு. சுமார் 120 ஆண்டுகளில் இச்சுரங்கங்களிலிருந்து எடுத்து அரைக்கப்பட்ட கல் ஏறத்தாழ 5 கோடியே 10 இலட்சம் டன். அதிலிருந்து கிடைத்த பொன் ஏறத்தாழ 800 டன். அதாவது, சராசரியாக ஒரு டன் கல்லில் 16 கிராம் பொன். அந்தப் பதினாறு கிராம் ஊரைவிட்டுச் சென்றது. எஞ்சிய கல் மாவாகி ஊரிலேயே நின்றது. தொழிலாளர் குடியிருப்புகளாகிய லைன்களின் அருகிலும், பள்ளிகளின் அருகிலும், இருப்புப்பாதையின் ஓரத்திலும் குன்றுகளாக எழுந்து நிற்பது அதுவே. அதனை மக்கள் சயனைடு மேடு என்கின்றனர். இன்று இத்தகைய மேடுகள் 13 உள்ளன. அவற்றின் எடை ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம் டன் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

அப்பெயர் வந்த காரணத்தையும் அறிவது நன்று. சுரங்கத்திலிருந்து வந்த கல்லை இரும்பு உலக்கைகளால் இடித்து மாவாக்கினர். பாதரசம் பூசிய செம்புத் தகடுகளின் மேல் அம்மாவை நீரோடு ஓடவிட, பொன்னின் பெரும்பகுதி பாதரசத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டாது தப்பிய நுண்பொன்னை மீட்கும் வழி பல காலம் தெரியவில்லை. 1887-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மக்ஆர்தர் என்ற வேதியியல் அறிஞரும், ஃபாரஸ்ட் என்ற மருத்துவச் சகோதரர் இருவரும், சயனைடு கரைசல் பொன்னைக் கரைத்தெடுக்கும் முறையைக் கண்டனர். சில ஆண்டுகளிலேயே அம்முறை தங்கவயலுக்கும் வந்தது. பொன்னை இழந்த மாவு சேறாகக் கொட்டப்பட்டு, காய்ந்து, மேடாகியது.

பெயரைக் கேட்டுச் சயனைடைப் பற்றியே அஞ்சுவோர் பலர். உண்மையில் சயனைடின் பெரும்பகுதி வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்து போகும் இயல்புடையது. தோட்டமிடுவோர் கருத்தில் கொள்ள வேண்டியவை வேறு. முதலாவது, அம்மேட்டின் பொடி பெரும்பாலும் வெண்கல்லின் நுண்துகள். அது நுரையீரலில் தங்கினால் தீராத நோயைத் தரும். சுரங்கத்தினுள் அத்தூசியைச் சுவாசித்த தொழிலாளர் பலருக்கு அந்நோய் இருந்ததை 1940-களில் நடந்த மருத்துவ ஆய்வு காட்டிற்று. இரண்டாவது, தங்கவயலின் மேற்குப் பக்கத்துப் படிவங்கள் கந்தகக் கனிகள் நிறைந்தவை. அவற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிகளோடு, ஆர்செனிக் என்னும் நஞ்சு கலந்த கனியும் உண்டு. பூமிக்கடியில் அடங்கிக் கிடந்தவரை அவற்றால் தீங்கில்லை. மாவாகி வெளியில் கிடக்கும்போது, மழைநீரும் காற்றும் பட்டு, கந்தகம் அமிலமாகிறது. அமிலம் உலோகங்களைக் கரைத்து நீரோடு செலுத்துகிறது. மூன்றாவது, அப்பொடியில் மக்கு இல்லை; புழு இல்லை; பயிருக்கு உணவாகும் தழைச்சத்தும் இல்லை. பார்வைக்கு மண் போல இருப்பினும், உழவர் கருதும் பொருளில் அது மண் அன்று.

ஆகவே தங்கவயலில் ஒரு வீட்டுத் தோட்டத்தின் அடியில் மூன்று வகைப் பொருள்களுள் எதுவும் இருக்கலாம். பிறவிச் செம்மண் இருக்கலாம். சுரங்கம் வெட்டியபோது கழித்த கற்சிதறல் இருக்கலாம். காற்று கொணர்ந்ததோ மழை கொணர்ந்ததோ, பள்ளம் நிரப்ப மனிதர் கொட்டியதோ ஆகிய மேட்டுப்பொடி இருக்கலாம். பல இடங்களில் மூன்றும் அடுக்கடுக்காக இருத்தலும் கூடும். அவற்றைப் பிரித்தறியும் எளிய வழிகள் சில உள.

ஒன்றரை அடி ஆழத்திற்கு ஒரு குழி தோண்டி, அதன் சுவரைப் பார்க்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சிவந்திருந்தால் அது பிறவி மண் எனக் கொள்ளலாம். நடுவே சாம்பல் நிறத்திலோ வெளிறிய நிறத்திலோ ஒரு பட்டை தென்பட்டால், அது வெளியிலிருந்து வந்தது. கூர்மையான கருங்கல் சில்லுகள் நிறைந்திருந்தால் அது சுரங்கக் கழிகல். பிறகு ஒரு பிடி மண்ணை நனைத்து உருட்டிப் பார்க்கலாம். செம்மண் உருண்டையாகும், விரலில் சிவப்புக் கறை விடும், முதல் மழையின் மணம் அதில் இருக்கும். மேட்டுப்பொடி மாவுபோல் நுண்மையாக இருக்கும், நனைந்தால் இறுகும், காய்ந்தால் பறக்கும், மண்ணின் மணம் அதற்கு இல்லை.

அடுத்தது, ஊர்காம் மக்கள் வாரனுக்குக் காட்டிய கழுவும் சோதனையின் மறுவடிவம். கண்ணாடிக் குப்பி ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் எஞ்சிய பகுதி நீரும் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். ஓரிரு நிமிடத்தில் மணல் அடியில் தங்கும். சில மணி நேரத்தில் வண்டல் அதன்மேல் படியும். களி ஒரு நாளுக்கு மேலும் நீரைக் கலக்கி நிற்கும். மக்கிய இலையும் வேரும் மேலே மிதக்கும். மூன்று படிவமும் மிதப்பும் காணப்பட்டால் மண்ணுக்கு உயிர் உண்டு. ஒரே நிறமுடைய வெளிறிய படிவம் தங்கி, மேலே எதுவும் மிதக்காவிடில் அம்மண்ணை ஐயுற வேண்டும். அன்று பொன்னைக் காணக் கழுவினர். இன்று கீரைக்கு ஏற்ற மண்ணைக் காணக் கழுவுகிறோம். முறை ஒன்றே.

காற்றின் திசையையும் மறத்தல் கூடாது. ஆனி, ஆடி மாதங்களில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுகிறது. மேட்டிற்குக் கிழக்கே அமைந்த வீடுகளில் தூசி மிகுதியாகப் படியும். மழைநீர் மேட்டிலிருந்து எவ்வழி இறங்குகிறது என்பதையும் ஒரு பெருமழைக்குப்பின் நின்று பார்த்தறியலாம். மழைக்காலத்திலும் புல் முளைக்காத திட்டு ஒன்று தோட்டத்தில் இருந்தால், நிலம் தானே எச்சரிக்கிறது என்று கொள்ளத்தக்கது.

கண்ணும் கையும் காட்டாதவற்றை ஆய்வுக்கூடம் காட்டும். கோலார் நகரை அடுத்த டமகாவில் தோட்டக்கலைக் கல்லூரியும் வேளாண் அறிவியல் மையமும் உள்ளன. ஆனால் ஒரு செய்தியை நினைவில் வைத்தல் வேண்டும். 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் ஆராயப்படுபவை அமில காரத் தன்மை, உப்பு, தழை மணி சாம்பல் சத்துகள், துத்தநாகம் முதலிய 12 கூறுகளே. ஆர்செனிக்கும் ஈயமும் அதில் இல்லை. சுரங்க ஊரில் வாழ்வோர் அவற்றைத் தனியே கேட்டு ஆராயச் செய்வதே அறிவுடைமை.

இத்தகைய மண்ணோடு வாழ்பவர்கள் நம்மவர் மட்டும் அல்லர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பெண்டிகோ, பல்லாரட் என்னும் ஊர்களும் பொன்னால் எழுந்தவையே. அங்கும் பழைய சுரங்கப் பொடியில் ஆர்செனிக் இருக்கிறது. அப்பொடியைத் தோட்டத்திற்கும் குழந்தைகள் விளையாடும் இடத்திற்கும் கொண்டுவரலாகாது என்றும், வீட்டில் விளைந்த காய்கறிகளை நன்கு கழுவியே உண்ண வேண்டும் என்றும் அரசுத் துறைகள் குடிமக்களுக்கு அறிவுறுத்துகின்றன. பொன் எடுத்த ஊரில் மண்ணைப் பற்றிய அறிவு, குடிநீரைப் பற்றிய அறிவுபோல யாவர்க்கும் உரியது என்பதே அதன் கருத்து.

இனிச் செய்யத்தக்கவை யாவை? மேட்டுப்பொடியை மணல் என்று எண்ணித் தோட்டத்திற்கு அள்ளிவருதல் கூடாது. ஐயத்திற்குரிய நிலத்தில் நேரே விதைக்காமல், ஒரு முழ உயரத்திற்குச் செங்கல் அடுக்கிப் பாத்தி கட்டி, மேட்டிற்கு அப்பாலுள்ள கிராமத்துச் செம்மண்ணும் ஏரி வண்டலும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பலாம். இடமில்லாதோர் தொட்டிகளில் வளர்க்கலாம். வெற்று மண்ணைச் சருகாலும் புல்லாலும் மூடிவைத்தால் தூசி எழாது, ஈரமும் நிற்கும். கீரையும் கிழங்கும் மண்ணிலுள்ள உலோகத்தை மிகுதியாக ஏற்பவை. தக்காளி, கத்தரி, அவரை போன்று காய்ப்பவற்றில் அது குறைவு. ஆதலால் கீரையை நல்ல மண் நிரப்பிய பாத்தியிலும் தொட்டியிலும் மட்டுமே வளர்ப்பது தகும். பறித்த கீரையை இருமுறை மும்முறை அலசுதலும், கிழங்கின் தோலைச் சீவுதலும் வழக்கமாக வேண்டும். சுண்ணாம்பு இட்டால் எல்லாம் சரியாகும் என்று சிலர் எண்ணுவர். அமிலத்தைத் தணிக்க அது உதவும். ஆயினும் ஆர்செனிக்கை அது கட்டுப்படுத்தாது. சில வேளை நெகிழ்த்தும் விடும். ஆகவே சோதனை இன்றிச் சுண்ணாம்பு இடுவது நன்றன்று. மாறாக, இரும்புச் சத்துள்ள செம்மண்ணுக்கு ஆர்செனிக்கைப் பற்றிப் பிடித்துவைக்கும் ஆற்றல் உண்டு. இவ்வூரின் பிறவி மண்ணே இவ்வூருக்கு ஒரு காவலாக இருப்பது வியப்பிற்குரியது.

இவ்வறிவு இன்று முன்னிலும் தேவையாகிறது. சுரங்கம் மூடியபின் பலர் ஊரை விட்டனர். நின்றவர்களில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் திரும்புகின்றனர். அவர்களுக்கு வீட்டுத் தோட்டம் பொழுதுபோக்கன்று. குழம்புக்குக் காய் தரும் துணை. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சுமார் 1,003 ஏக்கர் பரப்பிலுள்ள 13 மேடுகளிலும் மீண்டும் பொன் எடுப்பதற்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. மேடுகள் கிளறப்படும் காலத்தில், அவற்றின் பொடி எங்கே செல்லும், எவ்வாறு அடக்கப்படும் என்று கேட்கும் உரிமை அருகில் வாழ்வோர்க்கு உண்டு. அறிந்து கேட்பவர்களின் கேள்விக்கே வலிமை மிகுதி.

தங்கவயலுக்குச் சொன்னது பிற நகரங்களில் வாழும் தமிழர்க்கும் பொருந்தும். பெங்களூரின் கெம்பேகவுடா பேருந்து நிலையம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி என்னும் ஏரி. மும்பையின் பல பகுதிகள் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். பிழைப்புத் தேடிப் போனவர்க்கு நகரத்தில் கிடைக்கும் இடம் பெரும்பாலும் பிறர் வேண்டாது கழித்த இடமே. அங்கே ஏரிச் சேறும், ஆலைச் சாம்பலும், இடிந்த கட்டடத்தின் சுண்ணாம்பும் அடியில் மறைந்து கிடக்கும். ஊரின் மொழியைக் கற்பதுபோல் ஊரின் மண்ணையும் கற்க வேண்டும். அண்டை வீட்டு முதியவரிடம், இங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்பது அக்கல்வியின் முதற்பாடம்.

பொன்னின் கணக்கு ஏடுகளில் எழுதப்பட்டு முடிந்துவிட்டது. மண்ணின் கணக்கு இன்னும் முடியவில்லை. அது அங்கே வாழ்பவர்கள் கையில் இருக்கிறது. நல்ல மண்ணைத் தேர்ந்தெடுத்து, ஒரு பாத்தி கட்டி, அதில் குழந்தைகள் அச்சமின்றிப் பறித்துத் தின்னும்படி ஓர் அவரைக் கொடியை ஏற்றிவிடுகிற குடும்பத்தினர், தங்கவயல் என்ற பெயரின் இரண்டாவது சொல்லை மெய்யாக்குகின்றனர்.